முதலில் அறையைக் கேள்

அன்புள்ள மகளுக்கு,

ஒலிநூல் வாசிக்கும் தொண்டில் சேரப் போகிறேன், எந்த மைக் வாங்குவது என்று கேட்டு எழுதியிருந்தாய். மைக் கிடக்கட்டும். இன்றிரவு உன் பொங்கோல் வீட்டில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார். காதில் விழுவதையெல்லாம் ஒரு தாளில் எழுது. மின்விசிறி, ஃபிரிட்ஜின் உறுமல், பக்கத்து வீட்டு டிவி, கீழே எல்ஆர்டி ரயில் போகும் ஓசை, மடிக்கணினிக்குள் சுழலும் குட்டி விசிறி. பழகிய காது இவற்றைத் தள்ளிவிடும், மைக் தள்ளாது. விலை கூடிய மைக் இன்னும் துல்லியமாகப் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இரைச்சலை விடப் பெரிய தொல்லை எதிரொலி. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடிச் சன்னல் எல்லாமே குரலைத் திருப்பி அடிக்கும். அறை நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டு. தட்டின ஒலிக்கு ஒரு வால் முளைத்தால் அங்கே வாசிக்காதே. இரைச்சலைப் பிறகு ஓரளவு குறைக்கலாம், குரலோடு ஒட்டிக்கொண்ட எதிரொலியைப் பிரித்தெடுப்பது நம்மால் ஆகாத காரியம்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது பாம் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுத் தற்காப்பு அறைதான். 1997-இல் வந்த சட்டத்துக்குப் பின் கட்டிய வீடு என்பதால் உன் வீட்டிலும் இருக்கிறது. தடித்த சுவர், இரும்புக் கதவு, வெளிச்சத்தம் குறைவு. ஆனால் வெறுமையாக இருந்தால் அது ஒரு குடம். எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கு நடுவே குரலின் அடித்தொனி மட்டும் உருண்டு பெருகும். உள்ளே ஒரு மெத்தையை நிமிர்த்தி வை, துணி உலர்த்தும் ஸ்டாண்டில் கனமான போர்வை இரண்டைப் போட்டு உன் முதுகுக்குப் பின்னால் நிறுத்து, தரையில் பாய் விரி. சுவரில் துளை போட வேண்டாம், அந்தச் சுவருக்குத் தனி விதிமுறை உண்டு. இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால், துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதற்கு முகம் காட்டி உட்கார். பாதி வேலை முடிந்தது.

நேரத்தையும் பார்த்து வை. விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நினைப்பாய், ஆனால் ஐந்து மணிக்கே குயில் கத்தத் தொடங்கிவிடும். பகலில் புல்வெட்டும் எந்திரம், யாராவது வீட்டில் துளைபோடும் சத்தம். மாலையில் மைனாக் கூட்டம், மழை வந்தால் அதுவும். இரவு பத்து மணிக்கு மேல்தான் தோது. ஏர்கானை அரை மணி முன்னதாகப் போட்டு அறையைக் குளிர வைத்து, அதையும் விசிறியையும் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் வாசி. வேர்த்தால் நிறுத்து. வேர்வையில் நெளிந்தால் நாற்காலி கிரீச்சிடும், அதுவும் பதிவாகும்.

இனி மைக். யூஎஸ்பியில் நேரே கணினியில் மாட்டுகிற, முன்பக்கத்துக் குரலை மட்டும் அதிகமாக வாங்கும் கார்டியாய்டு வகை போதும். சிம் லிம் ஸ்குவேர் மின்சாதனக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கூடவே காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் ஒன்று. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், தவறுகளைக் காட்டிக் கொடுப்பது அதுதான். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வை, ‘ப’ சொல்லும்போது வரும் காற்று மைக்கில் மோதாமல் போகும்.

பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற மென்பொருள், இலவசம். மோனோ (ஒற்றைத் தடம்), 44,100 ஹெர்ட்ஸ் என்று முதலிலேயே அமைத்துக்கொள். ஸ்டீரியோவில் விட்டால் சில மைக்குகளில் குரல் ஒரு காதில் மட்டும் கேட்கும். குரல் உயரும் இடங்களில் அளவுமானி கழித்தல் 12 டெசிபலுக்கும் கழித்தல் 6 டெசிபலுக்கும் இடையில் ஆடினால் சரி. பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், ஒட்டவைக்க முடியாது. கணினியே சத்தத்தைக் குறைத்துத் தரும் வசதி ஏதாவது இருந்தால் அணைத்துவிடு. அது கூட்டங்களில் பேசுவதற்கானது. மெல்லிய ஒலியை இரைச்சல் என்று எண்ணி வெட்டும். தமிழில் முதலில் பலியாவது சொல் இறுதிக் குற்றியலுகரம்: ‘வந்து’ என்பது ‘வந்த்’ என்று நின்றுவிடும்.

வாசிக்கும் முன் தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்காதே. பாலும் சர்க்கரையும் நாக்கில் ஒட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் சின்னச் சின்னச் சொடுக்கு விழும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

சேரும் இடம் லிப்ரிவாக்ஸ், காப்புரிமை தீர்ந்த நூல்களை வாசித்து இணையத்தில் இலவசமாக வெளியிடும் அமைப்பு. 2005-இல் மொன்றியாலில் ஹியூ மெக்கயர் தொடங்கியது, எல்லாரும் தொண்டர்கள். குரல் தேர்வு கிடையாது. ஆனால் ஒரு நிமிடச் சோதனைப் பதிவு அனுப்ப வேண்டும். அதில் உன் குரலை எடைபோட மாட்டார்கள், இரைச்சல், ஒலியளவு, கோப்பு வடிவம் சரியா என்றுதான் பார்ப்பார்கள். ஒன்று தெரிந்துகொண்டு சேர்: நீ கொடுக்கும் பதிவுக்கு உனக்கு உரிமை எதுவும் இல்லை. யாரும் எடுத்து விற்கலாம், குறை சொல்ல முடியாது.

எடுத்தவுடன் முந்நூறு பக்க நாவலைத் தனியாகத் தோளில் போட்டுக்கொள்ளாதே. பல மொழிச் சிறு படைப்புகளைச் சேர்த்து வெளியிடும் தொகுப்புத் திட்டங்கள் உண்டு, அதில் பத்து நிமிடத் தமிழ்க் கட்டுரை ஒன்றில் தொடங்கு. பதிவு, திருத்தம், மறுபடி கேட்பது எல்லாம் சேர்த்து, பத்து நிமிட ஒலிக்கு முதலில் முக்கால் மணி நேரமாவது போகும்.

நூலைத் தேர்வதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். அங்கே செல்லுவது அமெரிக்கக் காப்புரிமைக் கணக்கு. வெளிவந்து 95 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், 2026-இல் அது 1930 வரை வெளிவந்தவை. சிங்கப்பூர்ச் சட்டமோ ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு என்கிறது. நீ இங்கே இருப்பதால் இரண்டும் பொருந்துகிற நூலாக எடு. தமிழ்நாட்டில் நாட்டுடைமை ஆக்கிவிட்டார்கள் என்பதை மட்டும் நம்பி இறங்காதே, அது வேறு கணக்கு. பழைய நூலின் புதுப் பதிப்பிலும் கவனம். மூலத்தின் காப்புரிமை தீர்ந்திருந்தாலும் பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்பும் அவருடையவை. 1879-இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ போன்றவற்றில் இந்தக் குழப்பம் குறைவு. நம் ஊர்ச் சரக்கு வேண்டுமென்றால் 1893-இல் இங்கே வந்த ‘குதிரைப் பந்தய லாவணி’ இருக்கிறது. ஆனால் லாவணி பாட வேண்டியது, வாசித்தால் நொண்டும்.

பழைய அச்சில் இன்னொரு சிக்கல். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்தும் முன் இருந்த, துதிக்கை போட்ட ‘னை’, ‘லை’ எல்லாம் உனக்குப் பள்ளியில் பழக்கமில்லை. வாசிப்பின் நடுவே தட்டும். அதனால் பென்சிலோடு ஒரு முறை முழுக்கப் படி. நீண்ட புணர்ச்சிச் சொற்களில் எங்கே மூச்சுவிடலாம் என்று கோடு போடு. பிறகு ஒலிப்பைக் குறி. நம் எழுத்து வல்லின வேறுபாட்டைக் காட்டாது, பொருளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘இரண்டு பலம் மிளகு’ என்பதில் ஒரு ஒலி, ‘உடல் பலம்’ என்பதில் வேறு ஒலி. இருட்டில் ஏந்திய பந்தமும் உறவு என்னும் பந்தமும் அப்படித்தான். கண்ணால் படிப்பவர் தானே சரிசெய்துகொள்வார், காதால் கேட்பவருக்கு வேறு வழியில்லை.

ல, ள, ழ, அப்புறம் ந, ன, ண. உனக்கு ழகரம் சரியாக வரும், ஆனால் வேகம் கூடும்போது ளகரமாகிவிடுகிறது. நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டாதே. ஆண்டுகளையும் எண்களையும் தமிழில் சொல். ‘ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பது’ வாயில் வரவில்லையென்றால் ஓரத்தில் எழுதி வை. வாய் தானாக ஆங்கிலத்துக்குத் தாவும், இங்கே வளர்ந்தவர்களுக்கு அது சகஜம்.

தப்பினால் பதிவை நிறுத்தாதே. ஒரு சொடக்குப் போடு, இரண்டு விநாடி பொறு, அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசி. திரையில் சொடக்கு ஊசிபோல் நிற்கும், வெட்ட வேண்டிய இடம் தேடாமலே தெரியும். பாதி வாக்கியத்தில் ஒட்டுப் போட்டால் குரலின் ஏற்ற இறக்கம் பொருந்தாது.

தொடக்கத்தில் லிப்ரிவாக்ஸ் அறிவிப்பு உண்டு, திட்டப் பக்கத்தில் தந்தபடி எழுத்து மாறாமல் சொல். முன்னால் அரை விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை மௌனம், முடிவில் 5 விநாடி. பதிவு அரை மணிக்கு மேல் போனால் முடிவில் 10. பதிவுக்குப் பின் ஆடாசிட்டியில் செய்யும் இரைச்சல் குறைப்பை 6 முதல் 12 டெசிபலுக்குள் வை. அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

அனுப்ப வேண்டியது 128 கேபிபிஎஸ் எம்பி3, ஒலியளவு 89 டெசிபலை ஒட்டி. செக்கர் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டால் இந்த அளவைச் சொல்லும், இது முன்னே சொன்ன கழித்தல் கணக்கு இல்லை. 85 என்று வந்தால் ஆடாசிட்டியில் 4 டெசிபல் கூட்டு. கூட்டும்போது எம்பி3-ஐத் திறந்து திருத்தாதே, மூலத் திட்டக் கோப்பில் கூட்டி மறுபடி எம்பி3 எடு. எம்பி3-இலிருந்து எம்பி3 எடுத்தால் தரம் ஒவ்வொரு முறையும் தேயும். கோப்பின் பெயரை அவர்கள் கொடுத்த மாதிரியே சிறிய எழுத்தில் எழுது, இடைவெளி விடாதே.

பிறகு ஒருவர் முழுவதும் கேட்டு, திரும்ப வாசித்ததை வெட்டாமல் விட்ட இடம், விடுபட்ட வரி, நாற்காலிச் சத்தம் எல்லாவற்றையும் நிமிடம் விநாடியோடு குறித்து அனுப்புவார். அதைக் குரலின் மேல் வைத்த குறையாக எடுத்துக்கொள்ளாதே. தமிழுக்கு அப்படிக் கேட்பவர் கிடைப்பதுதான் அரிது, பதிவு முடிந்தும் ஆள் இல்லாமல் காத்துக் கிடக்கலாம். அதற்கு உன் அம்மா பெயர் கொடுக்கிறேன் என்கிறாள். அவள் காது எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், ழகரத்தைச் சரிபார்த்துவிட்டே அனுப்பு.

அன்புடன்,
அப்பா