முகம் பார்த்துச் சொன்னது

கோத்தகிரி
கார்த்திகை மாதம், மழை இரவு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. கைத்தடி இல்லாமல் தெருக்கோடி வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படியில் மட்டும் அவசரப்படாதே. இங்கே பத்து நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் சாய்ந்து பஸ்கள் நின்று நின்றுதான் போகின்றன. எங்கள் ஹட்டிக் (ஊர்க்) கோயிலுக்கு ஒரு கரடி வந்து விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது, இருட்டினால் யாரும் வெளியே வருவதில்லை. தேயிலைக் கொழுந்து விலையைக் கேட்டிருந்தாய். அதை ஆரம்பித்தால் கடிதம் முழுக்க அதுவாகவே ஆகிவிடும், நேரில் பேசுவோம்.

நீ பார்க்கச் சொன்ன கொரியப் படத்தைப் பார்த்துவிட்டேன். 'மெமரீஸ் ஆஃப் மர்டர்'. பேரன் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். பாதியில் கரண்ட் போயிற்று. வெளியே தகரக் கூரையில் மழை, உள்ளே மெழுகுவத்தி. மழை இரவுகளில் பெண்களைத் தேடி வருகிற ஒருவனைப் பற்றிய படத்தைப் பாதியில் விட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். என் மனைவி எழுந்து போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு வந்தாள்.

கொலைகாரனைத் துரத்தும் படம் என்றால் கடைசியில் பிடித்துவிடுவார்கள் என்றுதான் உட்கார்ந்தேன். 2003இல் போங் ஜூன்-ஹோ இதை எடுத்தபோது நிஜக் கொலைகாரன் யார் என்றே யாருக்கும் தெரியாது. அதனால் படத்திலும் அவன் அகப்படவில்லை. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அது இல்லை. அந்த ஊர் டிடெக்டிவ் பார்க் இருக்கிறாரே, சாங் காங்-ஹோ நடித்தது, அவர்தான்.

ஆளின் கண்ணைப் பார்த்தாலே குற்றவாளியா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்கிறார் அவர். ஸ்டேஷனில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டிருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒருவன் பெண்ணைக் கெடுத்தவன், இன்னொருவன் அவனைப் பிடித்துக்கொண்டு வந்த அவள் அண்ணன். யார் எவன் என்று கண்ணைப் பார்த்துச் சொல் என்பார் மேலதிகாரி. பார்க் உற்றுப் பார்ப்பார். படம் பதிலைச் சொல்லாமலே அடுத்த காட்சிக்குப் போய்விடும். நானும் அந்த இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இவன்தான் என்று ஒருவனை மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன். அப்புறம்தான் உடம்பு சில்லிட்டது. எதை வைத்து முடிவு செய்தேன்?

வயலில் கிடைத்த ஒரே காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறிப் போய்விடுகிறது. புத்தி வளர்ச்சி இல்லாத பையன் ஒருவனைப் பிடித்து, அவன் ஷூவை வைத்து பார்க்கே ஒரு தடத்தை உண்டாக்கிப் போட்டோ எடுக்கிறார். சியோலிலிருந்து வந்த மற்ற அதிகாரி அடி உதையை நம்பாதவர், காகிதம் பொய் சொல்லாது என்பவர். கடைசியில், அமெரிக்காவிலிருந்து வந்த டிஎன்ஏ அறிக்கை தான் நினைத்தபடி இல்லை என்றதும், அவரே கொட்டும் மழையில், தான் சந்தேகப்பட்டவன் மேல் துப்பாக்கியைத் தூக்கிவிடுகிறார். நல்லவனும் அந்த இடத்துக்கு வந்து சேர்வதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நிஜக் கதையைப் பேரனை விட்டுத் தேடிப் படித்தேன். ஹ்வாசோங் என்ற ஊரைச் சுற்றி 1986 முதல் 1991 வரை பத்துக் கொலைகள். செத்தவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளையும் உண்டு, எழுபது தாண்டிய பாட்டியும் உண்டு. கொலை வழக்குத் தொடர அப்போது அங்கே 15 வருஷம்தான் கெடு, அது 2006இல் முடிந்துவிட்டது. 2019இல் பழைய தடயங்களை மறுபடி டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினார்கள். சிக்கியவன் ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் ஜெயிலில் இருந்தான், 1994இல் தன் மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக. இந்தப் படத்தை அவனும் ஜெயிலில் பார்த்திருக்கிறான். பார்த்து ஒன்றும் தோன்றவில்லை என்று கோர்ட்டில் சொன்னானாம்.

ஆனால் சண்முகம், நான் திரும்பத் திரும்பப் படித்தது இன்னொருவரைப் பற்றி. எட்டாவது கொலைக்கு 1989இல் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவரைப் பிடித்தார்கள். சின்ன வயதில் போலியோ வந்து கால் ஊனமானவர். தூங்கவிடாமல் வைத்து ஒப்புதல் வாங்கினார்கள். இருபது வருஷம் உள்ளே இருந்தார். அதுவும் தான் செய்ததே என்று நிஜக் கொலைகாரன் சொன்ன பிறகு, 2020 டிசம்பரில்தான் அவரை நிரபராதி என்று கோர்ட் விடுவித்தது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் நம் ஊர்க் கோர்ட்டில் செல்லாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. செல்லாது, சரி. கோர்ட்டுக்கே போகாத அடிக்கு என்ன கணக்கு?

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக உன்னிடம் மறைத்தது.

1981இல் நான் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், நீ அப்போது போலீஸில் சேரவில்லை. சம்பள நாளுக்கு முந்தின ராத்திரி பணப்பெட்டியில் பணம் குறைந்தது உனக்குத் தெரியும். புதிதாக வந்த சிலோன்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனதும் தெரியும். இலங்கைத் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த குடும்பம். லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி வீடு. அவர் பேரை யார் சொன்னார்கள் என்று மட்டும் உனக்குத் தெரியாது.

நான்தான் சொன்னேன்.

விசாரிக்க வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்றார். பணம் குறைந்த அன்று சாயங்காலம் அந்தச் சிலோன்காரர் ஆபீஸ் பக்கம் நின்றதைப் பார்த்திருந்தேன். அட்வான்ஸ் கேட்க வந்து, உள்ளே வரத் தயங்கி நின்றிருக்கிறார். "அவன் முழியே சரியில்ல சார்" என்றேன். அவ்வளவுதான். நான் கண்டது ஒன்றுமில்லை. ஊருக்குப் புதுசு, பேச்சு வேறு மாதிரி, யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டார். அதை நான் திருட்டு முழி என்று வாசித்தேன்.

ஸ்டேஷனில் மூன்று நாள் வைத்திருந்து வெளியே அனுப்பினார்கள். வலது கை விரல்கள் மடங்கவில்லை. கவாத்துக் கத்தியைப் பிடிக்க முடியாதவருக்கு எஸ்டேட்டில் என்ன வேலை? அவர் மனைவி ஒருத்தி கொழுந்து பறித்து நான்கு பேர் சாப்பிட்டார்கள். ஐந்தாறு மாதம் கழித்து, எங்கள் ஆபீஸ் ஆளே எடுத்தது என்று தெரிந்தது. வெளியே தெரியாமல் அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். லயத்துக்குப் போய் அந்த மனிதரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் குடும்பத்தோடு கூடலூர்ப் பக்கம் போய்விட்டார்கள்.

படத்தின் கடைசியில் பார்க் போலீஸ் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் கழித்து, முதல் பிணம் கிடந்த அதே வாய்க்காலைக் குனிந்து பார்ப்பார் அல்லவா? கொஞ்ச நாள் முன்னால் இன்னொருவனும் வந்து இதே மாதிரி பார்த்தான் என்பாள் ஒரு சிறுமி. முகம் எப்படி இருந்தது என்று கேட்பார். சாதாரண முகம் என்பாள். அப்போது அவர் நம்மைப் பார்ப்பாரே, அங்கேதான் நான் லேப்டாப்பை மூடச் சொன்னேன். பேரன் "என்ன தாத்தா?" என்றான். கண் எரிகிறது என்றேன்.

நீ முப்பது வருஷத்துக்கு மேல் காக்கி போட்டவன். 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் அடிபட்டு அப்பாவும் மகனும் செத்த செய்தி வந்தபோது இரண்டு நாள் நீ என் போனை எடுக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. இந்தப் படத்தை என்னைப் பார்க்கச் சொன்னதற்கும் உனக்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். எழுத முடிந்தால் எழுது. இல்லாவிட்டாலும் உன் மேல் எனக்கு ஒன்றும் குறையாது.

விசாரித்ததில், அந்தக் குடும்பம் பந்தலூருக்கு அந்தப் பக்கம், சேரம்பாடியில் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயத்தில் இருந்ததாக ஒரு பழைய கங்காணி சொன்னார். அவர் இருக்கிறாரோ இல்லையோ, பிள்ளைகள் இருப்பார்கள். ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு நீ வருவதாகச் சொல்லியிருக்கிறாய். அது முடிந்ததும் ஊட்டி, கூடலூர் வழியாகப் போவோம். கூடலூரில் ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளலாம், உன் காலுக்கும் நல்லது. பேச வேண்டியவன் நான்தான். நீ பக்கத்தில் நின்றால் போதும்.

கம்பளி எடுத்துக்கொண்டு வா. பனி இந்த வருஷம் சீக்கிரமே விழும் போலிருக்கிறது.

உன்,
போஜன்