கோடிங் வகுப்பில் புத்தகம் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுவயலில் அரிசி ஆலைக் கணக்கு எழுதுகிறேன். மகள் விலங்கியல் பட்டம் முடித்ததும் மெடிக்கல் கோடிங் படிக்க ஆசைப்பட்டாள். காரைக்குடியில் ஒரு பயிற்சி மையத்தில் 28,000 ரூபாய் கட்டிச் சேர்த்தேன். 'நூறு சதவீத வேலை' என்று வாசலில் போர்டு. கையில் கொடுத்தது ஜெராக்ஸ் எடுத்துச் சுருள் போட்ட ஒரு நோட்டு, அதுவும் 2019-ம் வருடத்தது.

அமெரிக்க டாக்டரின் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடுவதுதான் மெடிக்கல் கோடிங் வேலை. அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் வரும். வேறு சிக்கல் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு ஈ11.9 (E11.9) என்ற குறியீடு, சிறுநீரகமும் கெட்டிருந்தால் எண் மாறிவிடும். பச்சரிசியைப் புழுங்கல் பக்கத்தில் பற்று எழுதினால் எங்கள் முதலாளி விடுவாரா? அதே கதைதான்.

நோய்க் குறியீடுகள் வருடாவருடம் அக்டோபர் 1-லும், சிகிச்சைக் குறியீடுகள் ஜனவரி 1-லும் புதுப்பிக்கப்படுகின்றன. இந்த வேலைக்கான சான்றிதழ் தேர்வான சிபிசி-யில் (CPC) 4 மணி நேரத்தில் 100 கேள்வி. குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். சரி, புத்தகத்தையே தொடாத பிள்ளை எந்தப் பக்கத்தைப் புரட்டும்?

ஒரு நாள் பல்லவன் ரயிலில் சென்னைக்கு இன்டர்வியூ போனாள். "எந்த வருடப் புத்தகத்தில் படித்தாய்?" என்பதுதான் முதல் கேள்வியாம்.

அழகப்பா பல்கலைக்கழகம் நடப்பு ஆண்டுப் புத்தகத்தோடு ஒரு மாலை வகுப்பு நடத்தினால், தேவகோட்டை, கண்டனூர்ப் பிள்ளைகளும் பஸ் பிடித்து வருவார்கள். தனியார் மையங்களும் பணம் வாங்குமுன் புத்தகத்தைக் காட்டட்டும்.

- ஓர் ஆலைக் கணக்கர், புதுவயல்