மதுரையில் நம் ஊர் நோயாளிகளுக்கு ஒரு வீடு: இன்னும் 1,23,500 ரூபாய் வேண்டும்

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருப்புக்கோட்டையிலிருந்து கமிட்டியின் வணக்கம்.

புற்றுநோய்க்கு மருத்துவம் பார்க்கப் போகும் நம் ஊர்க்காரர்கள் தங்குவதற்காக, மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் நாம் பேசி வைத்திருக்கும் வீட்டை ஐப்பசி 15 வரைதான் நமக்காக வைத்திருக்க முடியும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு மாதம் பொறுத்துவிட்டார். இனியும் தவணை கேட்க நமக்கு வாயில்லை.

மதுரைக்குக் காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாமே, எதற்கு வீடு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

போன தை மாதம் நம் சாயப்பட்டறை அண்ணன் ஒருவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. நாற்பது வருஷம் சாயத்தொட்டியில் நூல் நனைத்தவர். சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து, உடம்பில் ஊறிய சாயம்தான் வெளியே வருகிறது என்று நினைத்தாராம். வலி துளியும் இல்லை. அப்புறம் சூடு என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் குடித்தார். இரண்டு நாளில் நிற்கும், ஒரு மாதம் கழித்து மறுபடி போகும். மதினியிடம்கூடச் சொல்லாமல் எட்டு மாதம் ஓட்டிவிட்டார். "அந்த இடத்து நோயை யாரிடம் போய்ச் சொல்ல?" என்று அவர் கேட்டபோது எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

வலியில்லாமல் ரத்தம் போவதுதான் இந்த நோயின் முதல் அடையாளம். ஒரே ஒரு தடவை போனாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பெரிய காரணம் பீடியும் சிகரெட்டும். அடுத்தது சாயம். 1895-லேயே ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற டாக்டர், சாயத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இந்த நோய் வருவதைக் கண்டு சொன்னார். பென்சிடின் என்ற ரசாயனத்தில் செய்யும் சாயங்களுக்கு நம் நாட்டில் 1993-ல்தான் தடை வந்தது. அதற்கு முன் வெறுங்கையோடு தொட்டியில் நின்றவர்கள் நம் அப்பாக்களும் அண்ணன்மாரும்தான். இருபது, முப்பது வருஷம் கழித்தும் இது தலைகாட்டும்.

அண்ணனுக்குக் குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை, அம்மன் புண்ணியம். அடுத்து பி.சி.ஜி. நம் பிள்ளைகளின் தோளில் தழும்பு போடுகிற அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான். வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம் அதைச் சிறுநீர்ப்பைக்குள் விடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். அப்புறம் எரிச்சலும் அவசரமும் ஆளைப் பாடாய்ப்படுத்தும். மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால் ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கக்கூசில் பிளீச் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்தே தண்ணீர் விட வேண்டும்.

இதையெல்லாம் பஸ்ஸில் எப்படிச் செய்வது? மூன்றாவது வாரம் காரியாபட்டி தாண்டி பஸ்ஸை நிறுத்தச் சொல்லி முள்ளுக்காட்டுக்குள் ஓடினார். திரும்பி ஏறும்போது வேட்டி நனைந்திருந்தது. நாலாவது வாரம் வரமாட்டேன் என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி, கார் பிடித்து அனுப்பினோம்.

முதல்வர் காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு உதவும். படுக்க ஒரு கட்டிலும், சுத்தமான கக்கூசும், தறி நின்ற நாளின் கூலியும் அதில் வராது. திரும்பத் திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். மார்பு, கர்ப்பப்பை நோய்க்குப் போய்வரும் நம் தாய்மாருக்கும் இந்த வீடுதான் இடம்.

நம் தாத்தாமார் கையில் காசு புரளாத காலத்தில் தறிக்குக் காலணா என்று மகமை, அதாவது பொதுக் காரியத்துக்கான பங்கு, பிடித்தார்கள். அதில்தான் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டார்கள். பஞ்சம் வந்த வருஷம் தறி நின்ற வீடுகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். கிணற்றுக்குக் கல் சுமந்ததை இன்றும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கும் தாத்தா ஒருவர், வீட்டுச் சேதி கேட்டதும் மடியிலிருந்து 500 ரூபாயை எடுத்து முதல் ரசீதை வாங்கிக்கொண்டார்.

கணக்கு இதுதான்: முன்பணம் 90,000. ஒரு வருஷ வாடகை 1,08,000. மேற்கத்திய கக்கூஸ், கட்டில், மெத்தை, சமையல் சாமான் 64,000. பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு வருஷத்துக்கு 48,000. ஆக மொத்தம் 3,10,000. வந்தது 1,86,500.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. திருப்பூரில் இருக்கும் நம் பையன்கள் தீபாவளி போனஸிலிருந்து 31,000 தருவதாகச் சொன்னவர்கள், முன்பணமாகக் கடன் வாங்கி இப்போதே அனுப்பிவிட்டார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஒரு மாதப் பென்ஷனை அப்படியே தந்தார். கோயில் வாசலில் பூக்கட்டும் பெரியம்மா வாரம் 50 ரூபாய் வீதம், மழை பெய்த வாரத்திலும் தவறவில்லை. தறிக்கார அக்காமார் சீட்டுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். மாரியம்மன் உங்கள் எல்லோரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 640 தலைக்கட்டில் ரசீது வாங்கியது 211 வீடுதான். பங்குனிப் பொங்கல் வாணவேடிக்கைக்கு ஒரே வாரத்தில் வசூலான தொகை எல்லோருக்கும் தெரியும். சாயத்தில் சம்பாதித்து மாடி கட்டிய வீடுகளில் சில, இன்னும் கதவைத் திறக்கவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, உரிமையில் கேட்கிறோம். மீதிக் குடும்பங்கள் தலைக்கு 300 கொடுத்தாலே தொகை நிறைந்துவிடும்.

தினமும் சாயங்காலம் 6 மணி முதல் 8 மணி வரை கோயில் மண்டபத்தில் கமிட்டி ஆட்கள் இருப்போம். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வெளியூரில் இருப்பவர்கள் ஊரில் உள்ள உறவினர் மூலம் செலுத்தலாம். பணமாக முடியாதவர்கள் பழைய கட்டில், பாத்திரம், போர்வை கொடுத்தாலும் சரி. நோய் இருப்பதை வெளியே சொல்லத் தயங்குகிறவர்கள் அதே நேரத்தில் வந்து பெரியவர்களிடம் தனியாகப் பேசலாம். மருந்து முடித்த அண்ணன் வெள்ளிக்கிழமைகளில் மண்டபத்துக்கு வருகிறார். கேட்பவர்களுக்கு அவரே விவரம் சொல்வார்.

இப்படிக்கு,
கமிட்டியினர்