கிளைடர் ஓட்டுபவரும் விமானிதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பயணிகள் ஜெட் ஓட்டுபவர்கள் சிறுவிமானக்காரர்களைப் பொழுதுபோக்குக்காரர்கள் என்கிறார்கள். சிறுவிமானக்காரர்களோ பதிலுக்கு 'பொத்தான் அமுக்குபவர்கள்' என்று கிண்டலடிக்கிறார்கள். வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானிகளை இரண்டு பக்கமும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

1983இல் கனடாவில் நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோன போயிங் 767 விமானத்தை, இன்ஜின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகிய கேப்டன் பாப் பியர்சன், பக்கவாட்டில் சரித்து உயரத்தைக் குறைத்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். யாரும் சாகவில்லை. அது கிளைடர்காரர்களின் கைப்பழக்கம்.

சரி, சம்பளத்தாலும் பணிமூப்பாலும் வரும் பொறாமை வேறு கதை. ஆனால் பறந்த மணிநேரம் சேர்ப்பதற்காகச் சின்ன விமானத்தில் அலைந்தவர்களில் பலர்தான் பிறகு ஏர்லைன் சீருடை போடுகிறார்கள். போட்டதும் பழைய கூட்டாளிகளை இளக்காரமாகப் பார்ப்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

- ஒரு வாசகர்