தறி, சைக்கிள் கடை, பிரசவ வார்டு: எங்கள் பின்னலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பிற்குரிய அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் அனைவருக்கும்,

கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் வீட்டு வேலைக்கும் வெளி வேலைக்கும் இடையே பின்னல் ஊசி பிடிக்கிறவர்கள் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது. பின்னல் புத்தகங்களில் இருக்கிற கணக்கெல்லாம் குளிர் நாட்டுக் கம்பளிக்காகப் போட்டது. அதைப் பருத்திக்கும் நம் புழுக்கத்துக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் தோதாக மாற்றிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் பின்னல் ஊசியைத் தொட்டதே இல்லை. வெறுமனே நன்றி சொல்லி நகர மனமில்லை. யார் எதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை அளவோடு எழுதிவைத்தால், புதிதாக ஊசி எடுக்கிறவர்களுக்கும் அது போய்ச் சேரும்.

முதல் நன்றி கூறைநாட்டுப் பக்கத்துத் தறிக்கார அண்ணன்களுக்கு. கடையில் பந்தாகக் கிடைக்கும் நூலில் பெரும்பாலானது அக்ரிலிக். வியர்வையை உறிஞ்சாது, சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிப் பளபளத்துத் தொய்ந்துவிடும். பருத்திக்கு வழி காட்டியது தறிதான். நெசவு நூலுக்கு நம்பர் எப்படி வருகிறது என்பதை அவர்கள் விளக்கிய பிறகே எங்கள் கணக்கு நேரானது. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் (நூல் சுருணைகள்) எத்தனை இருக்கிறதோ, அதுதான் நம்பர். 20ஆம் நம்பர் ஒற்றை நூல் 100 கிராம் ஏறக்குறைய 3,380 மீட்டர் ஓடும். எட்டு இழை சேர்த்துப் பிடித்தால் 100 கிராமுக்கு 420 மீட்டர். புத்தகங்கள் '4 பிளை' என்று சொல்லும் மெல்லிய நூலுக்கு இது பக்கத்தில் வந்துவிடுகிறது. பதினாறு இழை சேர்த்தால் 210 மீட்டர். பைக்கும் தரைவிரிப்புக்கும் அந்தக் கனம் சரி.

ஆனால் எட்டு ஒற்றை இழையைச் சேர்த்துப் பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாயும். ஒற்றை நூலில் முறுக்கு ஒரே திசையில் இருப்பதால், துவைத்ததும் அது தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். பின்னலின் வளையங்களான கண்ணிகள் எல்லாம் ஒரு பக்கம் படுத்துக்கொள்ளும். பின்னுகிறவர் கையில் குற்றம் இல்லை. 2/20 முறுக்கு நூல் என்பது 20ஆம் நம்பர் இழைகள் இரண்டை, அவற்றின் முறுக்குக்கு எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கியது என்பதால் இந்தச் சாய்வு வெகுவாகக் குறையும். அதை நான்கு இழையாகப் பிடித்தால் அதே கனம் கிடைத்துவிடும். இன்னொன்று, தறியில் நீளவாக்கில் கட்டும் பாவு நூல் வேண்டாம், குறுக்கே ஓடும் ஊடை நூலே எடுங்கள் என்றார்கள். பாவுக்குக் கஞ்சி போட்டிருப்பதால் விறைத்துக்கொண்டு ஊசியில் வழுக்காது. கிடைத்தது பாவு நூல்தான் என்றால், சிட்டத்தை நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெந்நீரில் ஊறவைத்து அலசி, நிழலில் காயவைத்து எடுக்க வேண்டும். கட்டாமல் அலசினால் சிக்கெடுக்கவே ஒரு நாள் போய்விடும்.

நூல் தீர்ந்து புது நூல் சேர்க்கும் இடத்திலும் அவர்கள் யோசனைதான். நான்கு இழையையும் ஒரே இடத்தில் மாற்றாமல், ஒவ்வொன்றையும் பத்து சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி மாற்றினால் எங்குமே தடிப்பு தெரியாது. தறி அறுத்தபின் மிஞ்சும் துண்டு நூல்களையும் மூட்டையாகக் கொடுத்தார்கள். அவை பின்ன நீளம் போதாதவை. வேறு நிறத்தில் இருப்பதால் காவல் நூலாகப் பயன்படுகின்றன. பத்து வரிசைக்கு ஒருமுறை எல்லாக் கண்ணிகள் வழியாகவும் அந்த நூலை ஓட்டிவைத்தால், மேலே பிழை வந்து பிரிக்கும்போது அந்த இடத்தோடு நிற்கும்.

அடுத்து சைக்கிள் கடை பாய்க்கும், வெல்டிங் பட்டறை அண்ணனுக்கும். ஊசிக்கும் கம்பிக்கும் ஒரே நம்பர்தான் என்பதைக் கம்பி அளக்கும் தகட்டில் ஊசியை நுழைத்தே காட்டிக்கொடுத்தார்கள். பழைய ஆங்கிலேயர் கணக்கில் 8ஆம் நம்பர் 4 மி.மீ., 10ஆம் நம்பர் 3.25 மி.மீ., 14ஆம் நம்பர் 2 மி.மீ. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். நம் கடைகளில் இந்தக் கணக்கு இன்னும் புழங்குகிறது. அமெரிக்கர் கணக்கு இதற்கு நேர் எதிர்: அங்கே 8 என்றால் 5 மி.மீ., 10 என்றால் 6 மி.மீ. அவர்கள் செய்முறையைப் பார்த்துவிட்டு நம் கடையில் 8ஆம் நம்பர் கேட்டால், பெரியவருக்குப் போட்ட தொப்பி பேரனுக்குத்தான் ஆகும். இனி நம்பரைப் பார்க்காமல் மி.மீ. கேட்டு வாங்குங்கள்.

14ஆம் நம்பர் சக்கரக் கம்பியில் வளைந்த தலையையும் மரை வெட்டிய முனையையும் நறுக்கிவிட்டால் 2 மி.மீ. இருமுனை ஊசி தயார். மரையை விட்டுவைத்தால் இழை மாட்டும். 3.25க்குத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி மலிவுதான், ஆனால் முனையை அரத்தால் ராவியதும் அந்தப் பூச்சு போய், வியர்வைக் கை பட்டுத் துருவேறி, வெள்ளை நூலில் கறை இறங்கிவிடுகிறது. பட்டறை அண்ணன் கொடுத்த 3.2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங் கம்பி, மேல்பூச்சு இல்லாதது, அதற்குச் சரியான மாற்று. 18 செ.மீ. துண்டுகளாக வெட்டி, முனையை ராவி, 400 நம்பர், பிறகு 1000 நம்பர் எமரித் தாளில் நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பழைய நைலான் சேலையில் முனையை இழுத்துப் பாருங்கள். எங்கும் மாட்டவில்லை என்றால் நூலிலும் மாட்டாது.

எங்கள் தொப்பிகளை வாங்கிக்கொண்ட பிரசவ வார்டு சிஸ்டர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி பெரிது. வாங்கிக்கொண்டதற்காக மட்டும் இல்லை, பலவற்றைத் திருப்பிக் கொடுத்ததற்காகவும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் படும்படி வைத்துக் காக்கும் கங்காரு பராமரிப்பில், குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத் துணி தவிர வேறு உடை கிடையாது. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிதாக இருப்பதால் சூடு அந்த வழியாகத்தான் அதிகம் போகிறது. அதனால் நம் ஊர்ப் புழுக்கத்திலும் தொப்பி தேவைப்படுகிறது. ஆனால் பொத்தான், மணி, நாடா, குஞ்சம் எதுவும் ஆகாது. ஓட்டை ஓட்டையாகப் போடும் லேஸ் வேலை அழகாக இருக்கும், சூட்டை நிறுத்தாது. இரு நிறம் போட்டு உள்ளே நூல் தொங்கும் வேலை கையுறை, காலுறையில் அறவே கூடாது. தொங்கும் இழை குழந்தையின் விரலைச் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். உட்புறம் முடிச்சுப் போடாமல், நூல் முனையை ஐந்து செ.மீ.யாவது கண்ணிகளுக்குள் நுழைத்து மறைக்க வேண்டும். வெந்நீரில் துவைப்பார்கள் என்பதால், சாயம் இறங்குகிறதா என்று ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அவர்கள் சொன்ன தலை அளவுகளை வைத்துக் கட்டிய கணக்கு இது. 2/20 நான்கு இழை, 3.25 ஊசி, துவைத்துக் காய்ந்தபின் 10 செ.மீ.க்கு 26 கண்ணி. தலைச்சுற்று 35 செ.மீ. இருக்கும் நிறைமாதக் குழந்தைக்கு 80 கண்ணி, 31 செ.மீ.க்கு 72, 28 செ.மீ.க்கு 64. தலையளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகப் போட்டால்தான் பிடித்து நிற்கும். பருத்திக்குக் கம்பளி போல இழுபட்டு மீளும் தன்மை கிடையாது என்பதால் ஓரத்தில் 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு நிட் (நேர்க்கண்ணி), ஒரு பர்ல் (மறுகண்ணி) என்று 3 மி.மீ. ஊசியில் இறுக்கமாகப் போடுங்கள். பிறகு 3.25 ஊசிக்கு மாறி நிட் மட்டும். ஓரத்தையும் சேர்த்து உயரம் முறையே 11, 10, 9 செ.மீ. வந்ததும் உச்சிக்குக் குறைக்கத் தொடங்கலாம். எல்லா அளவிலும் எட்டுப் பாகம்: 80க்கு 8 நிட் போட்டு இரண்டைச் சேர்த்து ஒன்று, 72க்கு 7, 64க்கு 6. ஒரு சுற்று குறைத்து ஒரு சுற்று சும்மா. பாகத்துக்கு நான்கு கண்ணி ஆனதும் எல்லாச் சுற்றும் குறைத்து, எட்டு மிஞ்சியதும் நூலை அவற்றினூடே ஓட்டி இழுத்துவிடுங்கள். ஒரு தொப்பிக்கு 20 கிராம் தாராளம். அளவு பார்க்க முன்னால் பின்னும் சிறு துண்டைத் துவைக்காமல் அளந்தால் இத்தனையும் வீண். பருத்தி முதல் துவைப்பில்தான் சுருங்கும்.

பாச்சை உருண்டை பற்றி சிஸ்டர்கள் சொன்னது எல்லா வீட்டுக்கும் தெரிய வேண்டியது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் பட்ட துணியால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து காமாலை கடுமையாகும். ஆகவே நூலோடும் தொப்பியோடும் அந்த உருண்டையை வைக்கவே கூடாது. காய்ந்த வேப்பிலை, வசம்புத் துண்டு போட்டு, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். மழைக் காலத்தில் ஈரம் துளி இருக்க மூடினாலும் பூஞ்சை மணம் ஏறிவிடும். அதன்பின் என்ன துவைத்தும் போவதில்லை.

ஒயர் கூடை பின்னும் அக்காமார் எங்கள் சந்தைப் பையைக் காப்பாற்றினார்கள். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் போட்ட பருத்திப் பையின் கைப்பிடி, நாலு கிலோ காய் ஏறியதும் முழங்கால் வரை இறங்கிவிடும். கைப்பிடியைக் குட்டிக் குட்டி வரிசையாக ஏற்றாமல் நீளவாக்கில் நீண்ட வரிசைகளாகப் போட்டு, இரண்டு ஓரத்திலும் நழுவுகண்ணி (ஸ்லிப் ஸ்டிச்) ஓட்டினால் நீளுவது குறையும். ஊசியும் ஒரு அளவு சின்னதாக இருக்கட்டும்.

பாய்க் கடைக்காரருக்கு ஒரு வரி: சாயம் போடாத கோரைப் பாயின் மேல் ஈரப் பின்னலை விரித்தால் கீழிருந்தும் காற்று ஏறிக் காய்கிறது. சாயக் கோரை வேண்டாம், சிவப்பு ஒட்டும். நி, ப என்று ஒரே தாளில் தமிழ்க் குறிகளை எழுதித் தந்த டீச்சருக்கும், உட்கார மாடியைத் திறந்துவிட்ட நூலகத்தாருக்கும் நன்றி.

அடுத்த மார்கழிக்குள் விடியற்காலைப் பஜனைக்குப் போகும் பெரியவர்களுக்குக் காது மூடும் தொப்பி போட இருக்கிறோம். நூல் தர நினைப்பவர்கள் 2/20 அல்லது 2/40 பருத்தியாக, வெள்ளையோ வெளிர் நிறமோ கொடுங்கள். 2/40 என்றால் எட்டு இழை பிடித்துக்கொள்கிறோம். ஜரிகை கலந்தது வேண்டாம், காதை அறுக்கும். பாச்சை உருண்டையோடு இருந்த நூல் என்றால் சொல்லிவிட்டுக் கொடுங்கள், அதைத் தரைவிரிப்புக்கு ஒதுக்கிவிடுவோம்.

நன்றியுடன்,
கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரப் பின்னல்காரர்கள்