7/25 என்று எழுதினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஃபைன் ஆர்ட் புகைப்படப் பிரின்ட்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டு, ‘உலகில் மொத்தமே 25 பிரதிகள், இது ஏழாவது’ என்று, அதாவது 7/25 என்று, கீழே குறிப்பும் கொடுத்திருந்தீர்கள். படம் அருமை. குறிப்புதான் இடிக்கிறது. புகைப்படங்களை அச்சிட்டுக் கொடுப்பதே என் பிழைப்பு என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

செப்புத் தகட்டில் கீறி அச்செடுக்கும் ஓவியங்களுக்கு எண் போடுவதில் ஒரு நியாயம் இருந்தது. அழுத்த அழுத்தத் தகடு தேயும், கோடு மங்கும். ஓர் இடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நெகட்டிவ் அப்படித் தேய்வதில்லை. டிஜிட்டல் கோப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகவே புகைப்படத்தில் 25 என்பது கலைஞர் தாமாக முன்வந்து கொடுக்கும் வாக்கு, அவ்வளவுதான். அந்த வாக்கைக் கொடுக்காதவர்களும் உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் எடுத்த நிலவுப் படத்தைப் பல பத்தாண்டுகளாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை தம் கையாலேயே அச்சிட்டார். அதனால் அதன் மவுசு குறையவில்லை. நேர்மாறாக இன்னொரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரெட் வெஸ்டன், தமக்குப் பிறகு வேறு யாரும் அச்சிடக் கூடாது என்று 1991-இல் தம் 80-வது பிறந்த நாளில் நெகட்டிவ்களைத் தீயில் போட்டார். என்னைக் கேட்டால் அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் சொன்ன சொல்லில் ஓட்டை இல்லை.

ஓட்டை பெரும்பாலும் அளவில்தான் விழுகிறது. ஒரே படம் சிறிய அளவில் 25, நடுத்தர அளவில் 15, பெரிய அளவில் 5 என்று தனித்தனி எடிஷனாக, அதாவது தனித்தனியே எண்ணிட்ட தொகுதியாக, வரும். உங்கள் குறிப்பில் உள்ள 25 இவற்றில் எது? போதாததற்கு ‘ஏ.பி.’ என்று எழுதிய கலைஞர் பிரதிகள் சில, கணக்குக்கு வெளியே நிற்கும். புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் மீதான வழக்கு இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்காத ஒன்று. டை டிரான்ஸ்ஃபர் என்ற பழைய வண்ண அச்சு முறையில் எண்ணிட்டு விற்ற பழைய படங்களைப் பிற்பாடு டிஜிட்டல் முறையில் பெரிதாக அச்சிட்டு, 2012-இல் ஏலத்தில் விற்றார்கள். பழைய பிரதிகளை வாங்கி வைத்திருந்த சேகரிப்பாளர் வழக்குப் போட்டார். அளவும் அச்சு முறையும் வேறு, ஆகவே இது வேறு எடிஷன் என்று சொல்லி நியூயார்க் நீதிமன்றம் 2013-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம், வாங்கியவர் வயிறு எரிந்திருக்குமா இல்லையா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி விதி இதைவிடத் தெளிவு. கலைஞரே எடுத்து, அவரோ அவர் மேற்பார்வையிலோ அச்சிட்டு, கையெழுத்தும் எண்ணும் போட்டு, எல்லா அளவுகளையும் சேர்த்து 30 பிரதிகளுக்குள் இருந்தால்தான் ஒரு புகைப்படத்தைக் கலைப்படைப்பாக அது ஏற்கும். ‘எல்லா அளவுகளையும் சேர்த்து’ என்பதை உங்கள் கட்டுரையாளர் ஓரிடத்திலாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்து, தாள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் 1920-இல் எடுத்த படம், பெரிய ஸ்பேனரோடு குனிந்து நிற்கும் இயந்திரத் தொழிலாளி, பலருக்கும் பழக்கமானது. அவர் காலத்திலேயே அச்சிட்டவை என்று கையெழுத்தோடு விற்கப்பட்ட பிரதிகள் சில, 1990-களின் கடைசியில் சந்தேகத்துக்கு உள்ளாயின. புற ஊதா விளக்கைக் காட்டியபோது தாள் நீல வெண்மையாகப் பளிச்சிட்டது. அந்த வெண்மையூட்டும் ரசாயனம் புகைப்படத் தாளில் வந்தது 1950-களில். ஹைன் இறந்ததோ 1940-இல். கையெழுத்தை நம்பிப் பணம் கொடுத்தார்கள், உண்மையைத் தாள்தான் காட்டிக்கொடுத்தது.

மனித உருவத்தை அச்சிடுவதில் தாளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் படத்தில் முதுகுத்தண்டை ஒட்டி இறங்கும் நிழலைப் பாருங்கள். பளபளப்பில்லாத பருத்தி மேட் தாளில் அந்தக் கறுப்பு மென்மையாக அடங்கிவிடும், ஆழம் சற்றுக் குறையும். பேரியம் பூச்சுள்ள பரைட்டா தாளில் கறுப்பு நன்றாக இறங்கும், தோளின் மேல் உள்ள வெளிச்சத்துக்கும் இடுப்பின் இருட்டுக்கும் நடுவில் படிப்படியாகச் சாம்பல் விரியும். ஆனால் மட்டமான மையாக இருந்தால், தாளைக் கொஞ்சம் சாய்த்ததுமே நிழலில் செம்பு நிறம் மினுங்கும். மலைக் காட்சியில் இதெல்லாம் யார் கண்ணிலும் படாது. தோலில் உடனே தெரிந்துவிடும். 25 பிரதிகளையும் ஒரே தடவையில் அச்சிடுவதும் அபூர்வம். ஆர்டர் வர வர அச்சிடுவோம். நான்கு வருடம் கழித்து இருபதாவதை எடுக்கும்போது அதே தாள் கடையில் கிடைக்கும் என்று என்ன நிச்சயம்?

புகைப்படக் கலைஞர் மான் ரே 1924-இல் தம் மாடல் கிகியின் முதுகுப் படத்தில் வயலின் துளைகளை வரைந்து ஆக்கிய படம் 2022 மே மாதம் 1 கோடியே 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனதை உங்கள் கட்டுரை எடுத்துக்காட்டியிருந்தது. ஏலம் போனது அவர் கையால் ஆக்கிய மூலப் பிரதி. அதே படத்தின் பிற்காலப் பிரதிகள் நிறைய உண்டு, அவற்றின் விலை இதன் கிட்டேகூட வராது. எண்ணிட்ட பிரின்ட் வாங்கினால் விலை ஏறும் என்பதற்கு இதைச் சாட்சியாகக் கூப்பிடுவது பொருந்தவில்லை.

இன்னொன்று. படம் எடுத்தவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, உட்கார்ந்திருந்தவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டிருந்தால் அதைச் சொல்லலாமே. 25 என்று அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டுப் பின்னால் 45 ஆக்கினால், வாங்கியவரைவிட அவருக்குத்தான் முதலில் கேட்கும் உரிமை.

இனி இந்தப் பகுதியில் பிரின்ட் எதையாவது அறிமுகப்படுத்தினால், எல்லா அளவுகளையும் சேர்த்து எத்தனை, கலைஞர் பிரதிகள் எத்தனை, எந்தத் தாள், எந்த ஆண்டு அச்சிட்டது ஆகிய விவரங்களைப் படத்தின் கீழேயே போடுங்கள். இரண்டு வரி இடம்தான் பிடிக்கும். விற்பவர் சொல்ல மறுத்தால், மறுத்தார் என்றே போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்