உன் கொப்பி கிடைத்தது

புலோலி,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி,

உன் அலுமாரியைத் துடைத்தபோது மருத்துவபீடத்தில் நீ எழுதிய கொப்பியொன்று கிடைத்தது. 'கெட்ட செய்தி சொல்லுதல்' என்று தலைப்பெழுதி அடியில் இரண்டு சிவப்புக் கோடு போட்டிருக்கிறாய். பெய்ல், பக்மன் முதலிய வைத்தியர்கள் 2000இல் வெளியிட்ட ஆறு படிகளாம். தனியிடத்தில் இருந்து கதைக்கவேண்டும்; நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு அறிய விருப்பம் என்று கேட்ட பிறகுதான் வாய் திறக்கவேண்டும். மிச்சம் உனக்குத் தெரியும்.

இதையெல்லாம் படித்த பிள்ளை லண்டனிலிருந்து போன் எடுத்து, "அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்" என்று வைத்தியரிடம் கேட்டிருக்கிறாய்.

அவர் என் கட்டில் காலடியில் நின்றுகொண்டு, "ஒன்றுமில்லை அம்மா, சின்னக் கட்டி" என்றார். பிறகு மாமாவின் மகன் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் 'மலிக்னன்ட்', அதாவது புற்றுக்கட்டி, என்றார். முப்பத்தொரு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள் நான். ஆனால் வாட்டில் நைட்டியும் கொண்டையுமாகப் படுத்திருப்பவளுக்கு ஆங்கிலம் விளங்கும் என்று யார் நினைப்பார்?

மூன்று கிழமை தெரியாதவள் போல நடித்தேன். நான் குசினிக்குள் போகும்போதெல்லாம் சித்தி வெங்காயம் உரிக்கத் தொடங்குவாள். இரண்டு பேர் சாப்பிடும் வீட்டில் ஒரு கிழமைக்குள் மூன்று கிலோ வெங்காயம் முடிந்தது.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கும் வாயில்லை. 2003இல் அப்பாவை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். வயிற்றுப்புண் என்று சொல்லியிருந்தேன். வாசல் பலகையை அவர் வாசித்துவிடக் கூடாதென்று குடையை விரித்து மறைத்துப் பிடித்தேன். மழையில்லாத நாளில் குடை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது, தம்பி. ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தோம். காணி உறுதியை எங்கே வைத்தீர்கள் என்றுகூட என்னால் கேட்க முடியவில்லை.

போன செவ்வாய் தெல்லிப்பளைக்குப் போனேன். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து பணம் சேர்த்தார்களே, நீயும் நானும் வீதியில் நின்று பார்த்தோமே, அந்தப் பணத்தில் எழுந்த புற்றுநோய் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு பெண் வைத்தியர், உன் வயதுதான் இருக்கும். சித்தியை வெளியே இருக்கச் சொல்லவில்லை, "அவர் உங்களோடு இருக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். கதிரையை இழுத்துப் போட்டு என் உயரத்துக்கு இருந்தார். "உங்களுக்கு என்ன வருத்தம் என்று நினைக்கிறீர்கள்?" என்றார். புற்றுநோய் என்று நானே சொன்னேன். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். சித்தி என் கையைப் பிடித்தாள். வைத்தியர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் மணிக்கூட்டின் சத்தம் கேட்டது. பிறகுதான், "ஓம் அம்மா, மார்பில். அக்குளிலும் கொஞ்சம் பரவியிருக்கிறது" என்றார். தலைமயிர் கொட்டும் என்பதை மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார். பரவாயில்லை, கிளினிக் வாசலில் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அன்றிரவு முதன்முறையாக நன்றாக நித்திரை கொண்டேன்.

உன் கொப்பியில் இன்னொன்றும் இருக்கிறது. 1961இல் சிக்காகோவில் கேட்டபோது பத்து வைத்தியர்களில் ஒன்பது பேர் புற்றுநோயை நோயாளிக்குச் சொல்லமாட்டோம் என்றார்களாம். 1979இல் அமெரிக்காவில் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது 97 வீதமானோர் சொல்வோம் என்றார்களாம். வைத்தியர்கள் மாறப் பதினெட்டு வருடம் எடுத்திருக்கிறது. வைத்தியர்களைப் பெற்ற அம்மாமாரின் பிள்ளைகளுக்கு எவ்வளவு எடுக்குமோ தெரியாது.

முதல் கீமோ அடுத்த மாதம் பத்தாம் திகதி. அதற்கு வராதே, லீவை சத்திரசிகிச்சைக்கு வைத்திரு. காணி உறுதி இரும்புப் பெட்டியில், உன் பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது சித்தியிடம் இரகசியம் கேட்காமல் நேரே என்னிடம் கொடுக்கச் சொல்.

அம்மா